மருந்தடிக்கிற ஓஸ்

இந்த பெஞ்சுல ஆள் இருக்குதுங்களா? இல்லீங்களே? அப்ப நான் உக்காந்துக்கறேன். நீங்க அந்தப் பையைக் கொஞ்சம் அக்கட்ட தள்ளி வெச்சுக்குங்க. ஏன் சொல்றேன்னா, அப்புறம் ஏதாச்சும் காணமின்னா பக்கத்துல உக்காந்தவன்னு என்ற பேருதான் மொதல்ல அடிபடும். உங்களச் சொல்லலீங்க. பொதுவாச் சொல்றேன்.

இன்னும் பார்வை நேரம் ஆகலன்னுதான் வாட்ச்மேன் சொல்றான். ஆனா இப்பத்தான் ஒரு அம்மா தூக்குச்சட்டியோட உள்ள போச்சு. அந்தம்மா சிரிச்சுது, இவனும் சிரிச்சான், கதவு தொறந்துருச்சு. சட்டிக்குள்ள என்ன இருந்துச்சோ, யாரு கண்டா.

நான் ஆறுச்சாமின்னு ஒரு மெக்கானிக்கப் பாக்க வந்தனுங்க. பாக்கோணும்னு ஆசைப்பட்டு வரல. என்ற சம்சாரம் வசந்தாமணி ஈரோட்டுல மக வூட்டுல போய் உக்காந்துக்கிட்டு வரமாட்டேங்கறா. மகதான் போன்ல சொல்லுச்சு. "அப்பா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயி ஆறுச்சாமி மாமாவப் பாத்துட்டு, எப்படி இருக்காருன்னு அம்மாகிட்ட நேருல வந்து சொல்லோணுமாமா. அதுக்கப்புறந்தான் வூட்டுக்கு வருவாங்களாமா"ன்னு. பேரன் எடுத்த வயசுல புருசனுக்குக் கண்டிசன் போடறா. அவ இல்லாம வூடு வூடாட்டம் இல்லீங்க, அது நெசம். சோறு நானே பொங்கிக்கறேன். ஆனா பொழுதோட உக்காந்து பேச ஒரு ஆளில்ல. டிவியப் போட்டுட்டு அதுகூடப் பேசிக்கிட்டிருக்கேன். அதுக்காகத் தெரிஞ்சே ஏமாந்து போக முடியுங்களா?

நான் சொல்றேன், நீங்களே கேட்டுட்டு நாயத்தச் சொல்லுங்க. நீங்க அவன்ற ஆளும் இல்ல, என்ற ஆளும் இல்ல. உங்ககிட்டச் சொல்றதுல எனக்குச் சங்கடம் இல்ல.

நான் மில்லு ஸ்டோர்ஸ்ல இருந்தவனுங்க. சிங்காநல்லூர்ப் பக்கம் சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, பழைய ஆளுங்க சொல்லுவாங்க. என்ன சொல்லுவாங்களோ, அது வேற விசயம். பேரிங்கு, பெல்ட்டு, போல்ட்டு எது வேணும்னாலும் பழசக் கொண்டாந்து என்ற கையில குடுத்தாத்தான் புதுசு வெளிய போகும். மேனேஜரே வந்து நின்னாலும் அப்படித்தான். அதனால எனக்குச் சிநேகிதங்க கம்மி. பரவால்லீங்க. நம்ம மில்லுல சிநேகிதம் புடிச்சுக்கிட்டு வந்தவன்தான் மொதல்ல சரக்குல கைய வெச்சான்.

வண்டி என்ற மாமனாரோட வண்டி. பழைய பியட்டு. அவரு போனதுக்கப்புறம் வசந்தாமணிக்குன்னு வந்துச்சு. கொஞ்ச நாள் ஓடுச்சு, அப்புறம் இஞ்சின் படுத்துருச்சு. சாமான் எங்க தேடியும் கெடைக்கல. நான் பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைச்சரலாம்னேன். இவதான் அழுதா. "எங்கப்பா வண்டி ஓடோணும்"ன்னா. இதக் கொஞ்சம் நெனப்புல வெச்சுக்குங்க. ஓடோணும்னு சொன்னவ அவதான். ஆறுச்சாமியக் கூட்டிக்கிட்டு வந்ததும் அவதான். அவன் அவங்க ஊருக்காரன். எனக்கு "ஏனுங்ணா"ன்னு மரியாதையாத்தான் பேசுவான்.

மொத நாளே எனக்கு உறுத்துச்சுங்க. டீ குடியப்பான்னேன். வேண்டாங்ணான்னான். டீ வேண்டாம்னு சொல்ற மெக்கானிக்க நீங்க எங்காச்சும் பாத்திருக்கீங்களா? நம்ம வூட்டுல ஒரு வாய் குடிச்சுட்டா நம்மளுக்குக் கட்டுப்பட்டவனாயிருவான். அவன் அதுக்கு எடங்குடுக்கல.

பின்னாடி அடிபட்டு நசுங்கிப்போன ஒரு சின்ன காரு. அதுலருந்து இஞ்சினக் கொண்டாந்தான். எறக்கிப் பொருத்தறதெல்லாம் நல்லாத்தான் பண்ணினான், நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். பெட்ரோல் லைனுக்கு வந்தப்பத்தான் பேச்சு மாறுச்சு.

"ஏனுங்ணா, பழைய இஞ்சின்ல பம்பு முன்னாடி உக்காந்துக்கிட்டு பெட்ரோல உறிஞ்சும். இது இஞ்செக்சன். மோட்டாரு டேங்குக்குள்ளயே உக்காந்துக்கிட்டு முன்னாடி தள்ளி விடும். பிரசர் சாஸ்தி. பழைய லைனு தாங்காதுங்ணா. டேங்குலருந்து இஞ்சின் வரைக்கும் மொத்தமாப் புதுசு போட்டரலாம்"ன்னான்.

மொத்தமா, புதுசு. இந்த ரெண்டு வார்த்தையும் சேந்து வந்தா ஸ்டோர்ஸ்காரன் காது நிமிந்துருமுங்க.

செம்புக் குழாயப் போடுன்னேன். செம்பு நல்ல பொருளு, நாம குடிதண்ணியே அதுல வெக்கறோம். "வண்டி ஆடற ஆட்டத்துக்கு செம்பு இறுகிப்போயி வெடிப்பு விட்டுரும்ங்ணா. அடியில ஓடறதுக்கு ஸ்டீல் பைப்பு போட்டுக்கலாம். இஞ்சின் ஆடுதில்லீங்களா, அதனால முனையில மட்டும் வளையற ஓஸ் குழாய். ஆனா சாதா ரப்பர் ஓஸ் ஆகாதுங்ணா. இப்ப வர்ற பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலந்து வருது. அது ரப்பர அரிச்சுப்புடும். இஞ்செக்சனுக்குன்னே தனியா வருது, அதுதான் போடோணும்"ன்னான். மனப்பாடம் பண்ணின மாதிரி எங்கயும் நிக்காமச் சொன்னான். உண்மையச் சொல்றவன் கொஞ்சம் யோசிச்சுத்தானுங்க சொல்லுவான்.

அந்த ஓஸக் கொண்டாந்து காட்டினான். கருப்பு. வெளியயும் கருப்பு, எட்டிப் பாத்தா உள்ளயும் கருப்பு. உள்ளுக்குள்ள தனியா ஒரு அடுக்கு மாதிரி இருக்குது, பெட்ரோலுக்கு அசையாதுன்னான். எங்க காட்டுன்னேன். ஒரு துண்டு அறுத்துக் காட்டினான். இருந்துச்சு, இல்லேங்கல. அறுத்த துண்டுல இருக்குது சரி, அறுக்காத துண்டுல இருக்குதுன்னு எப்படி நம்பறதுன்னு கேட்டேன். சிரிச்சான். "அப்ப மொத்தத்தையும் அறுத்துத்தாங்ணா பாக்கோணும்"ன்னான். வசந்தாமணியும் சிரிச்சா. ரெண்டு பேரும் சேந்து சிரிச்சாங்க. நான் மனசுல குறிச்சுக்கிட்டேன்.

சரி, போட்டான். வண்டி ஓடுச்சுங்க. நல்லாவே ஓடுச்சு. வசந்தாமணி முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு டேஷ்போர்டத் தடவிக்கிட்டே வந்தா. எனக்குத்தான் நிம்மதி இல்ல. டேங்கு முள்ளு சொல்ற கணக்குக்கும் நான் ஊத்தற கணக்குக்கும் ஒத்து வரல. "டேங்குக்குள்ள மோட்டாரு வெச்சதால முள்ளு கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும்ங்ணா"ன்னான். முன்னப்பின்னயாம். பெட்ரோல் போற வழி கருப்பா இருந்தா முள்ளு எப்படி வேணா காட்டலாமுங்களே. கண்ணுக்குத் தெரியாத சரக்குக்கு நான் என்னைக்குமே கையெழுத்துப் போட்டதில்ல.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நம்ம பக்கம் தோட்டத்துல தென்னைக்கு மருந்தடிக்கறாங்கல்ல, அந்த ஸ்பிரேயர் ஓஸ். பாத்திருப்பீங்களே, கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு, உள்ள நூல் பின்னியிருக்கும். ஆறுச்சாமி பயமுறுத்தற பிரசர் எல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல. ஸ்பிரேயர் பம்பு தென்னமரத்து உச்சிக்கே மருந்தத் தூக்கியடிக்குது. பெரிய பெரிய பிரசரத் தாங்கறது இந்தச் சுண்டைக்காய் மோட்டாரத் தாங்காதா? கணக்கு சரிதானுங்களே?

உரக்கடைக்கே போய் நல்ல ஓஸா வாங்கினேன். "வெடிக்கவே வெடிக்காதுங்க, எதுக்குங்க கேக்கறீங்க?"ன்னு கடைக்காரன் கேட்டான். நான் சொல்லல. எதுக்குச் சொல்லோணும்? எதுக்குன்னு தெரிஞ்சா இது ஆகாது, அது வாங்குன்னு வேற சரக்க எடுத்து நீட்டுவான். அப்புறம் பங்காளி தோட்டத்துக்குக் கொண்டு போயி பம்புல மாட்டித் தண்ணிய விட்டுப் பாத்தேன். ஒரு சொட்டு கசியல. அப்படியெல்லாம் சோதிச்சுத்தானுங்க போட்டேன். கண்ண மூடிக்கிட்டுப் போடல.

கருப்பு ஓஸக் கழட்டி வெச்சுட்டு, இஞ்சின் பக்கத்துல இத நானே மாட்டினேன். கிளாம்ப்பு நானே இறுக்கினேன். ஆறுச்சாமிகிட்ட மூச்சு விடல. வண்டிய ஸ்டார்ட் பண்ணி பானட்டத் தொறந்து பாத்தா, பெட்ரோல் அப்படியே தெரியுதுங்க. நம்ம பெட்ரோல், நம்ம கண்ணு முன்னாடி, நம்ம இஞ்சினுக்குப் போகுது. தெனமும் காலைல காபி டம்ளரோட போய் நின்னு பாப்பேன். ரிட்டையரானதுக்கப்புறம் நான் சந்தோசமா இருந்த நாளுன்னா அதுதான்.

கொஞ்ச நாள்ல வசந்தாமணி ஆரம்பிச்சா. "ஏனுங்க, பெட்ரோல் வாசம் வருதுங்க." பெட்ரோல் வண்டில பெட்ரோல் வாசம் வராம மல்லிப்பூ வாசமா வரும்னேன். கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டா. அப்புறம் முந்தானைய மூக்குல வெச்சுக்கிட்டா. அப்புறம் கடைக்குப் போலாம் வான்னு நான் கூப்பிட்டாக்கூட, நடந்தே வர்றேன்னா. அவங்கப்பா வண்டி. ஓடோணும்னு அழுதவ. அவளுக்கு என்ன ஆச்சுன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். யாரோ ஓதிக் குடுத்திருக்காங்கன்னுதான் தோணுச்சு.

நெனச்சது சரியாப் போச்சு. ஒரு கல்யாணத்துக்குப் பழனி போயிட்டு வந்தேன். வந்ததும் பானட்டத் தொறந்தா, கருப்பு ஓஸ்! என்ற ஓஸ் செவுத்து மூலைல கெடக்குது. வூட்டுக்குள்ளயே, எனக்குத் தெரியாம ஒரு வேல நடந்திருக்குது. கேட்டா மறைக்கக்கூட இல்லீங்க. "நான்தான் ஆறுச்சாமியக் கூப்பிட்டு மாத்தச் சொன்னேன். அந்த ஓஸ் கல்லாட்ட ஆயிருச்சாமா, பெட்ரோலுக்கு அது ஆகவே ஆகாதாமா. உங்ககிட்டச் சொன்னா சண்டை வரும்னுதான் சொல்லல"ன்னா. கூலி என்ன வாங்கினான்னு கேட்டேன். ஒண்ணும் வாங்கலையாம். டீ?

டீயும் குடிக்கலையாம்.

இருங்க, அந்த ஓஸ் துண்டு பையிலதான் இருக்குது, காட்டறேன். வாங்கறப்ப இது எப்படி இருந்துச்சு தெரியுங்களா? பளிச்சுன்னு, மெதுமெதுன்னு கைக்கொழந்த வெரலாட்ட. இப்பப் பாருங்க. பழுப்பேறிப் போச்சு. தொட்டுப் பாருங்க, வெறைச்சுக்கிட்டு இருக்குது. லேசா வளைக்கறேன் பாருங்க. பாத்தீங்களா, வெடிப்பு விடுது. இதுக்குள்ள பெட்ரோலத் தவிர வேற ஒண்ணுமே போகல. அதுக்கு நானே சாட்சி, தெனமும் நின்னு பாத்திருக்கேன். அப்ப இது எப்படிங்க இப்படி ஆகும்? ஆறுச்சாமி எதையோ ஊத்தியிருக்கான். ஆசிட்டோ கீசிட்டோ. என்னைய முட்டாளாக் காட்டறதுக்கு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நீங்க சொல்லுங்க, வேற என்ன காரணம் இருக்க முடியும்?

நான் விடலீங்க. மறுபடியும் அதே கடைல அதே ஓஸ் வாங்கி மாட்டினேன். இந்தத் தடவ பானட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு. சாவி என்ற இடுப்புல, அண்ணாக்கயித்துல. கதவுக்கும் உள்பக்கமா ஒரு கொண்டி அடிச்சேன். உள்ள உக்காந்ததும் மாட்டிக்குவேன். வெளியருந்து எவனும் தொறக்க முடியாது.

அப்புறந்தான் சென்னிமலைல பேரனுக்குக் காதுகுத்து வந்துச்சு. பையன் லீவுக்கு எங்ககிட்டத்தான் இருந்தான். மகளும் மாப்பிள்ளையும் ஈரோட்டுலருந்து நேரா கோயிலுக்கு வந்துர்றதாப் பேச்சு. நாங்க மூணு பேரும் பியட்டுல போகோணும். தாய்மாமன் இல்லாத வூடு, நான்தான் மடில வெச்சுக்கோணும். புதுச் சட்டை போட்டு பையனத் தூக்கிப் பின்சீட்டுல உக்கார வெச்சேன். வசந்தாமணி கதவுகிட்ட வந்து குனிஞ்சா. நிமிந்தா. பையன வெளிய தூக்கிட்டா.

"நாங்க பஸ்ஸுல வர்றோம். நீங்களும் எறங்குங்க. எங்கப்பா வண்டிதான், நானே சொல்றேன், இதுல போகாதீங்க"ன்னா.

தெருவே பாக்குதுங்க. எதுத்த வூட்டுக்காரன் பல்லு வெளக்கறத நிறுத்திட்டுப் பாக்கறான். நான் கொண்டிய மாட்டிக்கிட்டு கெளம்பிட்டேன்.

பல்லடம் தாண்டினேன். பானட்டு இடுக்குல பொகை வந்துச்சு. ஓரங்கட்டி நிறுத்தறதுக்குள்ளார தீ. கண்ணாடிக்கு முன்னாடி குபுகுபுன்னு எரியுது. கொண்டிய எடுக்கறேன், எடுக்கறேன், வரமாட்டேங்குது. நான் அடிச்ச கொண்டி, எனக்கே புடிபடல. முருகான்னு கத்தறேன். அப்பப் பாத்தா கண்ணாடிக்கு வெளிய ஆறுச்சாமி நிக்கறான்!

இப்பச் சொல்லுங்க. அவன் அங்க எப்படி வந்தான்? பைக்குல பின்னாடியே வந்திருக்கான். அதுவும் கையில தீயணைக்கற சிலிண்டரோட. மெக்கானிக்கு ஸ்பேனர் வெச்சிருப்பான், ஜாக்கி வெச்சிருப்பான். சிலிண்டர எவனாச்சும் கட்டிக்கிட்டுத் திரிவானா? தீ வரும்னு தெரிஞ்சவன்தானுங்களே அதத் தூக்கிக்கிட்டு வருவான்?

"சாவி! ணா, பானட்டுச் சாவி!"ன்னு கத்தினான். நான் குடுக்கல. அந்த நேரத்துல சாவியக் குடுத்தா என்ன பண்ணுவானோ, எனக்கென்ன தெரியும்? இடுக்கு வழியாவே பொடிய அடிச்சான். அமுந்துச்சு, மறுபடியும் புடிச்சுக்கிச்சு. சங்கிலியப் புடிச்சு இழுத்துப் பாத்தான். அப்புறம் சிலிண்டராலயே கண்ணாடிய ஒடைச்சு, கைய விட்டு, என்னைய அக்குள்ல புடிச்சுத் தூக்கி வெளிய இழுத்துப் போட்டான். வண்டி மொத்தமும் போச்சு. மாமனாரு வண்டி, எலும்புக்கூடுதான் மிச்சம்.

என்ற சட்டை கூடக் கருகலீங்க. இதே சட்டைதான், பாத்துக்குங்க. ஒரு எடத்துல பொசுங்கியிருக்குதா? அத்தன தீயில ஒருத்தன் அவ்வளவு பக்குவமா இழுக்கறான்னா ஒத்திகை பாத்துத்தான் வந்திருக்கோணும். அவனுக்குக் கையில பட்டுருச்சுன்னு ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க. நான் பாக்கல. நான் வண்டியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.

அன்னைக்கே வசந்தாமணிக்குப் போன் பண்ணிக் கேட்டேன், ஆறுச்சாமி எப்படி வந்தான்னு. "நான்தான் போன் பண்ணி, அவருக்குப் பின்னாடியே போ சாமின்னு அனுப்பினேன்"ன்னா. ஒத்துக்கிட்டாளுங்க! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. அப்ப வண்டி எரியும்னு உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்னு கேட்டேன்.

"எனக்கு மூக்கு இருக்குதுங்க"ன்னா. போன வெச்சுட்டா. அதோட பேச்சு நின்னுச்சு.

மணி அடிக்குதுங்களே. உள்ள விடறாங்க போல. நீங்க போங்க, உங்க ஆளப் பாருங்க. நானா? வர்றேன், வர்றேன். காலு மரத்துப்போச்சு.

ஏனுங்க, ஒரு நிமிசம். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. போற வழில சன்னலோரக் கட்டில்ல இருக்கறான்னு வாட்ச்மேன் சொன்னான், கருப்பா, மீசை வெச்சவன். அந்தக் கட்டு நெசக் கட்டுதானா, சும்மா துணியச் சுத்தி வெச்சிருக்கானான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் பாத்தா உசாராயிருவான். நடிப்பா இருந்துச்சுன்னா ஈரோட்டுக்குப் போயி தலைய நிமித்திக்கிட்டு அவளக் கூட்டிட்டு வந்துருவேன். பைய நான் பாத்துக்கறேன். போங்க.

வந்துட்டீங்களா? உக்காருங்க. பாத்தீங்களா? பேசினானா?

லேசான காயந்தானா? ஒரு சுத்துக் கட்டுதானா? ம். நான்தான் சொன்னனே.

இருங்க. எங்க போறீங்க? இது நீங்க பாத்துச் சொல்றதா, அவன் சொல்லச் சொன்னதா? கீழ பாக்காதீங்க, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

அவன்தான் சொல்லச் சொன்னானா. வெளிய ஒரு அண்ணன் உக்காந்திருப்பாரு, கேட்டா லேசுன்னு சொல்லிருங்க, அவரு தாங்க மாட்டாருன்னானா.

ஸ்டோர்ஸ்ல இருந்தவனுங்க நான். உள்ளது உள்ளபடி இருந்தா எவனும் இன்னொருத்தன்கிட்டச் சொல்லி அனுப்ப மாட்டான். லேசுன்னு சொல்லச் சொல்றான்னா, அது லேசு இல்ல. இதுல மட்டும் நான் தப்பினதே இல்ல.

எனக்குப் பயமா இருக்குதுங்க. அவகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது? நேருல சொல்லோணுமாமா. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லோணுமாமா.

எந்தக் கைங்க? சும்மா சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். ஸ்பேனர் புடிக்கற கையா? வலது கையா?

ஏன் தலைய ஆட்டறீங்க.

ரெண்டு கையுமாங்க?